உர மீன்

ஊத்தான் மெலிந்தாங்கில் பசியாறும் கடையில்
என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது.
மூன்று முறை குளித்தாயிற்று,
காதுக்குப் பின்னால் இன்னும் மீன்.
செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்களுக்கும்
வாடை உண்டு,
அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அது ஊரின் வாடை.

"என்ன மீனும்மா பிடிச்ச?"
ரொட்டி வீசிக்கொண்டே கேட்கிறார்.
பிடிக்கவில்லை அண்ணே, பார்த்தேன்.
"பார்க்கிறதுக்கா சம்பளம்?"
அம்மாவும் இதையேதான் கேட்டாள்,
நியமனக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி.

பன்னிரண்டு நாள்.
வலை ஏறிய நேரம், இடம், ஆழம்.
வைத்துக்கொண்டது எத்தனை கிலோ,
திருப்பி எறிந்தது எத்தனை கிலோ.
நான் கயிறு இழுக்கக் கூடாது.
மீன் பிரித்துக் கொடுக்கக் கூடாது.
கை கிழிந்தவனுக்குத் துணி கட்டலாமா
என்பது விதியில் இல்லை,
கட்டினேன்.
ஆறு பேர் நனைகிற தளத்தில்
நனையாத தாளோடு ஒருத்தி.

தைக்கோங் ஆ லோக் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் என் தட்டில்
உள்ளங்கை அகல நண்டு வந்தது.
தின்பதா, எழுதுவதா?
'நண்டு, ஒன்று, சமைத்தது'
என்று எழுதிக் காட்டிவிட்டுத் தின்றேன்.
அவருக்குத் தங்கப்பல் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

எஞ்சின் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டுவார்
மாசிலாமணி. எண்ணெய் ஆலை மூடியபிறகு
கடலுக்கு வந்தவர்.
"கிராணியம்மா, இன்னிக்கு எத்தனை பாரம்?"

விளையாட்டாய்த்தான் சொன்னார்.
எனக்குச் சுருக்கென்றது.
குலை நிறுக்கும் மேட்டில்
கிராணி ஒருவர் காலால் புரட்டிப் பார்த்து
"பழுக்கலை" என்பார். பென்சிலால் ஒரு கோடு.
அப்பாவின் கூலியில் அவ்வளவு போயிற்று.
அப்பா அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை,
பென்சிலைத்தான் பார்ப்பார்.

ஈரத்தில் மை நிற்காது என்று
எனக்கும் பென்சில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழாம் இரவு, மூன்று நாற்பது.
வலை அவிழ்ந்தது.
கெளுத்தி, காரல், கணவாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நடுவே ஒரு திருக்கை.
அளவுகோலை அதன் மேல் வைக்கப் போனேன்.
அடியிலிருந்து ஈரத் துணி மடித்ததுபோல்
ஏதோ நழுவியது.
விரிந்தது.
பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு.
தளவிளக்கின் மஞ்சளில் நான்கு குஞ்சுகள்
தரையைக் கடலென்று நினைத்து
இறக்கை அடித்தன.

எல்லாரும் நின்றுவிட்டார்கள்.
ஸோ மின், மியன்மார்ப் பையன்,
பூட்ஸைக் கழற்றினான்.
வெறுங்காலால், தள்ளுகிறேன் என்று தெரியாத அளவுக்குத் தள்ளி
ஒவ்வொன்றாய்த் தண்ணீர் போகும் துளைவழி விட்டான்.
நீந்தினவா?
இருட்டு.
பார்க்காததை எழுதக் கூடாது.

தாய் கூடைக்குப் போனது.

மிச்சத்தை மண்வாரியால் வாரினார்கள்:
விரல் நீளம்கூட இல்லாதவை,
என்ன சாதி என்று காட்டுமுன்பே நசுங்கியவை.
ஈக்கான் பாஜா. உர மீன்.
அரைத்து மாவாகும், தீவனமாகும்.
ஐந்நூற்று நாற்பது கிலோ.
பழுக்கலை, பழுக்கலை, பழுக்கலை
என்று நாக்கு நுனிவரை வந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
கோடு போட்டாலும்
யார் கூலியில் கழிப்பது?
தவுக்கே கரையில் தூங்குகிறார்.
எடையை மட்டும் எழுதினேன்.

ரொட்டி ஆறிவிட்டது. கைப்பேசி அடிக்கிறது.
இலாகாவிலிருந்து ஒரு பெண், மரியாதையான குரல்.
"நாற்பத்திரண்டாம் வரியில்
திருக்கை என்று போட்டு
ஒன்று எழுதி அடித்திருக்கிறீர்கள்.
ஐந்து எழுதி அதையும் அடித்திருக்கிறீர்கள்.
எதை எடுத்துக்கொள்வது?"

குலை லோரி ஒன்று கடையை ஒட்டிப் போகிறது.
அது போய் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.
அவளும் காத்திருக்கிறாள்.

ஏறும்போது ஒன்று, என்கிறேன்.